கம்ப்யூட்டருக்கு ஒரு மெத்தை

மெத்தைக்காரர் எதைச் செய்தாலும் ஒரு பிடி கூடுதலாகத்தான் செய்வார். தலையணை தைக்கச் சொன்னால் திண்டு மாதிரி வந்து நிற்கும். "இதுல தலை வெச்சா கழுத்து சுளுக்குதுங்க" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. மகள் வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, தான் படித்த பழைய கம்ப்யூட்டரைக் காட்டி, "தூசி படாம பாத்துக்கோங்கப்பா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். போதாதா அவருக்கு? மேஜைக்குக் கீழே நிற்கும் அந்தப் பெட்டிக்கு அளவெடுத்து, கோடு போட்ட மெத்தைத் துணியில் இரண்டு விரல் கனத்துக்குப் பஞ்சு வைத்து, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு ஒரு உறை தைத்து மாட்டிவிட்டார். பட்டனை அமுக்க ஒரு ஓட்டை, ஒயர் வெளியே வர ஒரு ஓட்டை. மற்றபடி காற்றுகூடப் புகாது என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் பஞ்சு மூட்டைகள், நடுவில் மெத்தை விரித்துத் தைக்கிற அகலப் பலகை, மூலையில் கம்ப்யூட்டர். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பஞ்சைப் பிரித்து உதறிப் போடுவார்கள். காலையில் பெருக்கினால் மதியத்துக்குள் மறுபடி தரையெல்லாம் வெள்ளை. புருவம், டீ டம்ளர், ஜன்னல் கம்பி, எதையும் அது விட்டுவைக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு வேலை பார்க்கிற பெண்ணொருத்தி வந்து ஒரு பென் டிரைவைக் கொடுத்தாள். "உங்க பொண்ணு வேலை செய்யறத வீடியோ எடுத்து அனுப்பியிருக்கா. முழுசா பாக்கணுமாம். கடைசி வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகளுக்கு வேலை, பல் செட் செய்யும் இடத்தில். பல் டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்புவார்கள். இவர்கள் மெழுகில் ஈறு வடித்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்துச் செட்டாக்கித் தரவேண்டும். ஒரு நூல் பிசகினாலும் போட்டுக்கொள்கிறவர் வாய் புண்ணாகிவிடும். அங்கே எல்லாமே கைதான். மெத்தைக்காரர் வாயில் மிச்சமிருந்தது மூன்று பல். காலமெல்லாம் கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தாலும் நூலைப் பல்லால் கடித்தே பழகியவர். இப்போது யாராவது சிரிக்க வைத்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். போன முறை வந்திருந்தபோது மகள் ரோஸ் நிறத்தில் ஏதோ ஒரு பசையை அவர் வாய்க்குள் அப்பி, "ஆடாதீங்கப்பா, பழகறதுக்குத்தான்" என்று அச்சு எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பசையின் ருசியை ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீடியோவைப் போட்டார்கள். மேஜைக்குப் பின்னால் மகள், முன்னால் சின்னச் சுடர், அவள் முதுகுக்குப் பின்னால் கை கழுவும் தொட்டி. "அப்பா, அம்மா, இதுதான் என் மேஜை" என்று அவள் சொன்ன குரல் கணீரென்று வந்தது. மெழுகுக் கத்தியை எடுத்தாள். சுடரில் காட்டினாள். கை மேலே வந்தது. வந்த கை பாதியில் அப்படியே நின்றது. யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்ட மாதிரி நின்றுவிட்டு, வெடுக்கென்று ஒரு இழுப்பில் வேறு இடத்துக்குப் போனது. மறுபடி நின்றது. மறுபடி இழுத்தது. பேச்சு மட்டும் ஒரு சொல் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது நிமிஷத்தில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து போயிற்று.

"கரண்டு போயிடுச்சு போல" என்றார் மெத்தைக்காரர். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி அண்ணாந்து அதை ஒருமுறை பார்த்தாள்.

நின்று இழுத்த அந்தக் கையை மெத்தைக்காரருக்குத் தெரியும். செத்துப்போன அண்ணனின் கை அது. அண்ணனும் இதே பலகையில் உட்கார்ந்து தைத்தவர்தான். ஒரு முழ நீள ஊசியை மேலிருந்து குத்திக் கீழிருந்து வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் ஊசி பாதியில் நின்றது. அப்புறம் வெடுக்கென்று இறங்கியது. "தூக்கம் போதலடா" என்றார் அண்ணன். ஒரு வருஷம் அப்படியே சொல்லிச் சமாளித்தார். டாக்டரிடம் போனபோது நரம்பு வியாதி முற்றிப்போயிருந்தது. கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தானாக எடுத்துக் குடிக்க முடியாத நிலைமை. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை மெத்தைக்காரர் இன்றுவரை மறக்கவில்லை.

திங்கட்கிழமை பஸ் நிலையத்துக்குப் போய் வெள்ளிக்கிழமை காலை வண்டிக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். மகளைக் கையோடு கூட்டிவந்து பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். வேலை போனால் போகட்டும். மனைவியிடம், "பஞ்சு பாக்க வெளியூர் போறேன்" என்று மட்டும் சொன்னார். அவள் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பையை எடுத்துத் தட்டி, இரண்டு சட்டை மடித்து வைத்தாள்.

திங்களிலிருந்து மூன்று நாளும் மழை. மழை பிடித்தால் பஞ்சு ஈரம் இழுத்துக்கொண்டு கட்டி கட்டியாக நிற்கும், உதற முடியாது. தைத்து முடித்தவற்றுக்கு ஓரம் கட்டுகிற வேலைதான் ஓடியது. மனைவி ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தந்தாள். அது அப்படியே ஆறிக் கிடந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் வீடியோவைப் போட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் கை முன்னைவிட மோசமாக இழுப்பதுபோலத் தோன்றும். நாலாவது நிமிஷத்துக்குள் கம்ப்யூட்டர் படுத்துவிடும். ஒருநாள் இவர் உள்ளே வரும்போது மனைவி அவசர அவசரமாகத் திரைக்கு முன்னாலிருந்து எழுந்து போனாள்.

புதன்கிழமை மதியம் மழை கொஞ்சம் விட்டபோது பொறுமை வந்தாள். கடைத்தெரு முக்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவள். வருகிறவர்களிடமெல்லாம் "பொறுமை, பொறுமை" என்று சொல்லிச் சொல்லி அதுவே பேராகிவிட்டது. அவளிடம் அது மருந்துக்கும் கிடையாது என்பது வேறு விஷயம். நாளெல்லாம் குனிந்து வேலை செய்து முதுகு பிடித்துக்கொண்டதால், பலகை மாதிரி கெட்டியாக ஒரு மெத்தை சொல்லியிருந்தாள்.

"அண்ணே, என் மெத்தை எங்க? நான் இன்னிக்காவது நிமிர்ந்து படுக்கறேனா இல்லையா?"

"ஒரு பக்கம் ஓரம் பாக்கிம்மா. உக்காரு, முடிச்சுத் தர்றேன்."

"உக்காரவா? உக்காந்துதான் முதுகு போச்சு." நின்றபடியே அறையைச் சுற்றிப் பார்த்தவள் மேஜைக்கடியைப் பார்த்ததும் குனிந்தாள். "அய்யோ! என்னண்ணே இது? கம்ப்யூட்டருக்கு மெத்தை தெச்சு மாட்டியிருக்கீங்க?"

"தூசி படாம இருக்க."

"இதுக்குக் குளிருதுன்னு யாரு சொன்னா உங்ககிட்ட? அக்கா, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"நான் சொல்லி அவரு என்னிக்குக் கேட்டாரு?" என்றாள் மனைவி. குரலில் வழக்கமான சூடு இல்லை.

பொறுமை உறைக்குமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் மெத்தைக்காரர் திருட்டுத்தனமாக வீடியோ பார்த்திருந்தார். "தோசைக்கல்லு மாதிரி இருக்குதே. தானா ஆஃப் ஆகுதா?"

"ஆகுது."

"படம் திக்கித் திக்கி வருதா?"

மெத்தைக்காரர் ஊசியைக் கீழே வைத்தார். "படம் நல்லாத்தாம்மா இருக்கு. பொண்ணு கைதான்..." என்றார். அதற்குமேல் வரவில்லை. வராதென்று அவர் நினைத்தார். ஆனால் ஆரம்பித்துவிட்டது நிற்குமா? அண்ணனின் ஊசி, மகளின் மெழுகுக் கத்தி, வெள்ளிக்கிழமை டிக்கெட் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் மறைத்ததும் அவள் முன்னாலேயே வெளியே வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "பஞ்சு பாக்கப் போறவருக்கு எதுக்குங்க ரெண்டு சட்டை? பையில அடியில பாருங்க. உங்க அண்ணனோட ஆஸ்பத்திரி ஃபைலை நான்தான் எடுத்து வெச்சேன். டாக்டர் கேப்பாருன்னு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"உங்க கூடத்தானே நானும் பாத்தேன்? எனக்கு என்ன கண்ணு பொட்டையா? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். மூணு நாளா ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு."

மெத்தைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாக ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு பக்கம் இந்தப் பாரத்தைத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள்.

"என் போன்ல வீடியோ கால் போட்டு அவளையே பாத்துடலாமே" என்றாள் பொறுமை.

"பாத்தா? எங்கண்ணன் எங்க முன்னாடியெல்லாம் கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டுத்தாம்மா நின்னாரு. இவகிட்டயும் போன்ல கேட்டேன், உடம்பு நல்லாயிருக்கான்னு. எனக்கென்னப்பா, கல்லு மாதிரி இருக்கேன்னு சிரிக்கறா. அதையேதான் அவரும் சொன்னாரு."

"சரி, பொறுமை, பொறுமை. முதல்ல போடுங்க, நான் பாக்கறேன்."

போட்டார். பொறுமை மகளின் கையைப் பார்த்தமாதிரியே தெரியவில்லை. திரை ஓரத்தில் ஏதோ ஒரு கட்டத்தைத் திறந்து, ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. "பாவம், மூச்சு முட்டுது இதுக்கு" என்றாள். "அண்ணே, நான் டாக்டர் இல்ல. உங்க பொண்ணப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா இந்தப் பெட்டிக்குக் காய்ச்சல்னு மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். இதை முதல்ல சரி பண்ணுவோம். அப்புறமும் கை நின்னா நீங்க பஸ் ஏறுங்க. நானே வந்து ஏத்தி விடறேன்."

பிளக்கைப் பிடுங்கி, உறையைக் கழற்றி, பெட்டியைப் பலகைமேல் தூக்கி வைத்தார்கள். சூடு ஆறட்டும் என்று மனைவி டீ போட்டுக் கொண்டுவந்தாள். பொறுமை கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். கழற்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகு வலியெல்லாம் மறந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

உள்ளே ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டித் தலையணை இருந்தது. வருஷக்கணக்காக இழுத்த பஞ்சு அடுக்கடுக்காகப் படிந்து, சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"வெளியில நீங்க தெச்சது போதாதுன்னு அதுவே உள்ள ஒண்ணு தெச்சுக்கிச்சு பாருங்க!"

"உறை போட்டும் எப்படிம்மா உள்ள போச்சு?"

"ரெண்டு ஓட்டை விட்டிருக்கீங்களே. அது மூச்சு இழுக்கறப்போ அந்த வழியா உங்க பட்டறைப் பஞ்சு மொத்தமும் போயிருக்கு. சூடு வெளிய போக வழியில்ல. சூடு ஏறினா அது வேலையைக் குறைச்சுக்கும். அப்பவும் தாங்கலைன்னா படுத்துக்கும். இருங்க, பிரஷ்ஷால தள்ளறேன்."

"தள்ளாத!" என்றார் மெத்தைக்காரர் சட்டென்று. "தள்ளினா பிஞ்சு பிஞ்சு உள்ள போயிடும். பஞ்சை எடுக்கறத எனக்கு விடு."

"அப்படின்னா முதல்ல அந்தத் தகட்டைத் தொடுங்க. உடம்புல இருக்கற கரண்டு இறங்கட்டும். ஃபேன் சுத்தாம ஒரு விரலால பிடிச்சுக்கங்க. சர்க்யூட் இருக்கற பச்சை அட்டையில கை படக்கூடாது."

அவர் தொட்டார், பிடித்தார், ஓரத்தில் ஒரு நுனியைத் தேடிக் கண்டுபிடித்தார். இரண்டு விரலால் மெதுவாக இழுக்க இழுக்க, பஞ்சு ஒரே படலமாகச் சுருண்டு வந்தது. ஒரு இழைகூட அறுந்து உள்ளே விழவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டார். அறுபத்திரண்டு வயசிலும் அது துளிகூட ஆடவில்லை. இந்தக் கையைத்தானே அவளுக்குக் கொடுத்தோம், எப்படி அண்ணன் கை போய்ச் சேர்ந்தது என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

பொறுமை மிச்சத்தைப் பிரஷ்ஷால் துடைத்து, சூட்டை இழுக்க உள்ளே தடவி, காய்ந்து போயிருந்த பசையைச் சுரண்டி, புதுசு தடவி மூடினாள். பட்டனை அமுக்கியதும் ஃபேன் விர்ரென்று சுற்றியது. இத்தனை நாளும் அப்படியொரு சத்தமே அந்தப் பெட்டியில் கேட்டதில்லை. மூன்று பேரும் திரைக்கு முன்னால் கூடினார்கள்.

"அப்பா, அம்மா, இதுதான் என் மேஜை."

மெழுகுக் கத்தி சுடருக்குப் போனது. கை மேலே வந்தது. நின்றது.

நின்று, வெடுக்கென்று இழுத்தது.

முன்னைவிடக் குறைச்சல்தான். ஆனால் நின்றது நின்றதுதான். மெத்தைக்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "பாத்தியாம்மா" என்றார். "பெட்டி சரியாயிடுச்சு. அவ கை சரியாகல." பொறுமையின் முகத்திலும் ஈயாடவில்லை. அவள் பட்பட்டென்று எதையோ திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

மனைவி மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னும் கிட்டப் போனாள். மூக்கு திரையில் இடிக்கும்போல இருந்தது.

"என்னங்க."

"என்ன?"

"கையைப் பாக்காதீங்க. பின்னாடி அந்தக் குழாயைப் பாருங்க."

மகளுக்குப் பின்னால் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் பத்துத் தடவை பார்த்தும் அவர் கண்ணில் படாதது. ஒரு சொட்டு கிளம்பியது. பாதி வழியில், அந்தரத்தில், தொங்கிக்கொண்டு நின்றது. மகளின் கையும் அதே நேரத்தில் நின்றது. பிறகு கையும் சொட்டும் சேர்ந்தே கீழே இறங்கின.

"தண்ணிக்குமா நரம்பு வியாதி?" என்றாள் மனைவி. சொல்லும்போதே குரல் உடைந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் வந்தது.

மெத்தைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னொரு தடவை போடு. இன்னொரு தடவை!" போட்டார்கள். சொட்டு நின்றது. கை நின்றது. சொட்டு விழுந்தது. கை இறங்கியது. "நிக்குது பாரு! தண்ணியும் நிக்குது பாரு!" என்று குதித்தார். இந்த வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று பொறுமையும் கத்தினாள். "அண்ணே, கரண்டு மிச்சம் பிடிக்கறதுன்னு ஒண்ணு இருக்கே, அதை யாரு போட்டு வெச்சது?"

மெத்தைக்காரர் அசடு வழிந்தார். "நான்தான். போன வருஷம் பொண்ணுகிட்ட போன்ல கேட்டுக் கேட்டுப் போட்டேன். சும்மாதானே இருக்குது, எதுக்குக் கரண்டுன்னு..."

"நல்ல மனுஷன்! போர்வையைப் போத்தி, மூக்கை அடைச்சு, பட்டினியும் போட்டிருக்கீங்க. அப்புறம் ஓடு ஓடுன்னா அது எப்படி ஓடும்? பேச்சு லேசு, இழுத்துட்டு வந்துடும். படம் கனம். தூக்க முடியாம பாதிப் படத்தைக் கீழ போட்டுட்டு மீதியைக் காட்டியிருக்கு." அந்த அமைப்பை மாற்றினாள். பின்னால் வீணாக ஓடிக்கொண்டிருந்த நாலைந்து புரோகிராம்களை நிறுத்தினாள். "இப்பப் பாருங்க."

மகள் கத்தியை எடுத்தாள். சுடரில் காட்டினாள். கை மேலே வந்தது, வந்த வேகத்திலேயே வளைந்து மெழுகில் இறங்கியது. பின்னால் குழாய் தன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. மெழுகு ஈறு அந்தக் கத்திக்குக் கீழே வழுவழுவென்று உருவாகிக்கொண்டு வந்தது. ஒரு பல்லை இடுக்கியால் எடுத்து நட்டாள். கொஞ்சம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம். ஆட்டம் அசைவு ஒன்றும் இல்லாத கை. பலகைமேல் உட்கார்ந்து ஓரம் கட்டும்போது தன் கை போகிற போக்கு அப்படியே அதில் இருந்ததை மெத்தைக்காரர் பார்த்தார். "என் கைதான்" என்றார். "என் கைதான்டி அது." மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாலாவது நிமிஷம் வந்தது. கம்ப்யூட்டர் அணையவில்லை. ஐந்து, ஆறு என்று ஓடியது. அவர்கள் ஒருநாளும் பார்த்திராத பாகம் அது. பொறுமைகூட மெத்தையை மறந்துவிட்டு ஆறிப்போன டீயோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது நிமிஷத்தில் மகள் செய்து முடித்த செட்டைக் கையில் ஏந்தி முன்னால் நீட்டினாள்.

"அப்பா, இது யாருக்குன்னு சொல்லலையே நான். போன தடவை உங்க வாயில அச்சு எடுத்தேனே, அது பழகறதுக்கு இல்ல. எங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். மிச்சமிருக்கற மூணு பல்லுக்கும் இடம் விட்டிருக்கேன். இது இப்போதைக்கு வெறும் மெழுகு மாடல்தான். நீங்க வந்து ஒரு தடவை மாட்டிக் காட்டணும், அப்பத்தான் முடிக்க முடியும். எப்ப வர்றீங்க? வேலை இருக்கு, மழை இருக்குன்னு சாக்கு சொல்லாதீங்க. இனிமே கையால வாயைப் பொத்தாம சிரிக்கணும் நீங்க. நூலைக் கடிச்சீங்க, கொன்னுடுவேன்."

வீடியோ முடிந்தது. பெட்டிக்குள் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மூலையிலிருந்த பையைத் திறந்தாள். அடியில் கைவிட்டு அண்ணனின் ஆஸ்பத்திரி ஃபைலை வெளியே எடுத்து, அலமாரியில் அது இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"என்னண்ணே, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவீங்களா?" என்றாள் பொறுமை.

"எதுக்குக் கேன்சல் பண்றேன்? இன்னொண்ணு எடுக்கணும், இவளுக்கும்" என்றார் மெத்தைக்காரர். சிரித்தார். பழக்கத்தில் கை வாய்க்குப் போனது. போன கையைப் பாதியிலேயே நிறுத்தி, கீழே இறக்கிவிட்டு, மூன்று பல்லும் தெரிய நன்றாகவே சிரித்தார். "நீ எந்திரிம்மா, உன் மெத்தையை முடிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓரத்தைக் கட்டி முடித்து, நூலை வாய்வரை கொண்டுபோனவர், கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தார்.